வேர்ட்பிரஸ் கூட்டத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

வேர்ட்பிரஸில் தளம் நடத்துகிறவராக இருந்தால், நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைந்ததும் ஒரு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். வேர்ட்பிரஸ் நிகழ்வுகளும் செய்திகளும் என்ற பொருளில் அதற்கு ஒரு தலைப்பு இருக்கும். 2017 ஜூனில் 4.8 பதிப்போடு சேர்ந்து வந்தது. நான் இரண்டு வருஷம் அதைச் சுருக்கியே வைத்திருந்தேன். ஒருநாள் வேறெதையோ அழுத்தப் போய் அது விரிந்துகொண்டது. என் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு கூட்டம், வரும் சனிக்கிழமை, கட்டணம் கிடையாது என்று இருந்தது.

போனேன். பதினெட்டுப் பேர் இருந்தார்கள். பேசியதில் பாதி புரியவில்லை. டீ இடைவேளையில் பக்கத்தில் நின்றவர், “நீங்க என்ன பண்றீங்க?” என்று கேட்டார். ஜவுளிக் கடைகளுக்குத் தளம் போட்டுத் தருகிறேன் என்றேன். “அப்போ சேலைக்கும் தைச்ச ரவிக்கைக்கும் வரி வேற வேறயா வருமே, அதை எப்படிக் காட்டறீங்க?” என்று பிடித்துக்கொண்டார். அதற்கு நான் கண்டுபிடித்திருந்த குறுக்குவழியைச் சொன்னேன். அவர் செல்பேசியை எடுத்துக் குறித்துக்கொண்டார். நிரல் எழுதத் தெரிந்தவர், என்னிடம் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்! அந்தப் பத்து நிமிஷம் இல்லாவிட்டால் இரண்டாவது கூட்டத்துக்குப் போயிருக்க மாட்டேன்.

இப்படி ஓரத்தில் நிற்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வேர்ட்பிரஸ் தெரியும், அதை உருவாக்கும் கூட்டத்தைத் தெரியாது என்றால் இது உங்களுக்கு.

முதலில், இது யாருடையது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் உள்ளே போனால் பாதிப் பேச்சு தலைக்கு மேலே போய்விடும். 2003க்கு முன்பு பி2 என்றொரு வலைப்பதிவு மென்பொருள் இருந்தது. மிஷேல் வால்ட்ரிகி எழுதியது. ஒரு கட்டத்தில் அவரிடமிருந்து சத்தமே இல்லை, மேம்பாடு நின்றுபோனது. அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த அமெரிக்க மாணவர் மேட் முல்லன்வெக், இதை எடுத்துத் தொடர்ந்தால் என்ன என்று தன் வலைப்பதிவில் எழுதினார். இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில், நீங்கள் நிஜமாகவே செய்வதாக இருந்தால் நானும் வருகிறேன் என்று கீழே மறுமொழி போட்டார். 2003 மே 27 அன்று முதல் பதிப்பு வெளிவந்தது.

அடுத்தவர் எழுதியதை எடுத்துத் தொடர அவர்களுக்கு அனுமதி தந்தது ஜிபிஎல் உரிமம். யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கலாம், ஆனால் பகிரும்போது அதே உரிமையை அடுத்தவருக்கும் தந்தாக வேண்டும். கூட்டங்களில் ஜிபிஎல், ஜிபிஎல் என்று அடிக்கடி காதில் விழுவதற்குக் காரணம் இதுதான். பெரிய கூட்டங்களில் மேடை ஏறுகிறவரும் ஸ்பான்சர் செய்கிற நிறுவனமும் தங்கள் வேர்ட்பிரஸ் தீம் (தளத்தின் தோற்றம்), ப்ளக்இன் (கூடுதல் வசதி தரும் நிரல்) எல்லாவற்றையும் முழுக்க இந்த உரிமத்திலேயே வெளியிட்டிருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வேர்ட்பிரஸ் பெயரில் இரண்டு தளங்கள் உண்டு. டாட் ஆர்க் என்று முடிவது திட்டத்தின் இடம். மென்பொருள், தீம்கள், ப்ளக்இன்கள், தன்னார்வலர்கள் எல்லாம் அங்கே. டாட் காம் என்று முடிவது, மேட் தொடங்கிய ஆட்டோமேட்டிக் நிறுவனத்தின் வணிகச் சேவை. நீங்கள் பங்களிக்கப் போவது டாட் ஆர்க்கில்.

கணக்கு தொடங்குங்கள், கூட்டத்துக்கு முந்தின நாள் அல்ல

டாட் ஆர்க்கில் ஒரு கணக்கு வேண்டும். ஐந்து நிமிஷ வேலைதான், ஆனால் பயனர் பெயரில் கவனம் வையுங்கள். பிறகு மாற்ற முடியாது. என் கடைப் பெயரை வைத்துத் தொடங்கினேன், அப்புறம் கடைப் பெயரே மாறிவிட்டது. நீங்கள் செய்கிற ஒவ்வொரு பங்களிப்பும் அந்தப் பெயரில்தான் பதிவாகும், அந்தப் பெயரில் உள்ள உங்கள் சுயவிவரப் பக்கத்தில்தான் பங்களிப்புச் சின்னங்கள் சேரும். உங்கள் சொந்தப் பெயரையோ, எங்கும் பயன்படுத்துகிற ஒரே புனைபெயரையோ வையுங்கள்.

அடுத்து ஸ்லாக் என்ற அரட்டைச் செயலி. நிரல், மொழிபெயர்ப்பு என்று ஒவ்வொரு வேலைக்கும் உள்ள தன்னார்வலர் குழுக்கள் வாராவாரம் பேசிக்கொள்வது அங்கேதான். சேரும் வழியில் ஒரு இடத்தில் பலரும் இடறுவார்கள். உங்கள் பயனர் பெயரோடு சேர்ந்த தனி மின்னஞ்சல் முகவரி ஒன்று, டாட் ஆர்க்கில் ஸ்லாக்குக்கான பக்கத்திலேயே கிடைக்கும். ஸ்லாக்கில் பதியும்போது உங்கள் ஜிமெயிலைக் கொடுக்காமல் அதைத்தான் கொடுக்க வேண்டும். அதற்கு வரும் அஞ்சல் தானாக உங்கள் பெட்டிக்கு வந்துவிடும்.

கூட்ட நேரமெல்லாம் உலகப் பொது நேரத்தில் போட்டிருக்கும். நமக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும், இலங்கையில் இருப்பவர்களுக்கும் அதே கணக்குதான். 15:00 என்றால் நமக்கு இரவு எட்டரை, சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். கூட்டம் என்றதும் கேமராவும் மைக்கும் தேடாதீர்கள். பெரும்பாலும் எழுத்தில்தான் நடக்கும். முதல் நான்கு வாரம் சும்மா படியுங்கள். வந்ததற்கு அடையாளமாகக் கை அசைக்கும் ஒரு பொம்மையைப் போட்டால் போதும்.

ஒரு கிளைக் கதை. 2024 செப்டம்பரில் மேட் முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்ஜின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் பெரிய சண்டை மூண்டு நீதிமன்றம் வரை போனது. இந்த நிறுவனத்தோடு எனக்குத் தொடர்பில்லை என்று டிக் செய்தால்தான் டாட் ஆர்க் கணக்குக்குள் நுழைய முடியும் என்று ஒரு கட்டம் வந்தது. டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அந்தக் கட்டத்தின் இடத்தில், பீட்சாவில் அன்னாசிப்பழம் ருசியாக இருக்கும் என்று ஒப்புக்கொள்ளும் கட்டம் ஒன்று முளைத்தது. சிரிப்பாக இருக்கலாம், ஆனால் அந்தச் சண்டையில் மனம் கசந்து ஒதுங்கிய நல்ல பங்களிப்பாளர்களும் உண்டு. கூட்டத்தில் யாராவது இதைப் பற்றிச் சூடாகப் பேசினால், புதியவரான நீங்கள் பக்கம் எடுக்க வேண்டிய அவசியமில்லை. கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளூர் மீட்டப்

தொடக்கத்தில் சொன்ன நிர்வாகப் பக்கத்துப் பெட்டியில் உங்கள் ஊர்ப் பெயரைக் கொடுத்தால் அருகில் நடப்பவை வரும். மீட்டப் டாட் காம் தளத்திலும் தேடலாம். மாதம் ஒரு கூட்டம், ஏதாவது ஒரு அலுவலகத்திலோ கல்லூரி அறையிலோ இரண்டு மணி நேரம், இதுதான் வழக்கம். அதிகாரபூர்வமான மீட்டப்புகளுக்கென்று ஐந்து விதிகள் இருக்கின்றன. அவற்றில் புதியவருக்கு முக்கியமானவை இரண்டு. திறமையோ பணவசதியோ பார்க்காமல் விருப்பமுள்ள யாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. நம்பகமான எந்த உறுப்பினரையும் நிகழ்ச்சி நடத்த விட வேண்டும் என்பது மற்றது. நடத்துகிறவர் முதலாளி இல்லை, அவரும் வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்தவர்தான்.

வருகிறேன் என்று பதிந்துவிட்டுப் போகாமல் இருக்காதீர்கள். முடியாவிட்டால் முந்தின நாளே நீக்கிவிடுங்கள். நாற்பது பேர் பதிந்து பன்னிரண்டு பேர் வந்த கூட்டத்தில் மிஞ்சிய சமோசாக்களை எண்ணிக்கொண்டு நின்றவன் நான்.

போகும்போது ஒரு கேள்வியைக் கையில் எடுத்துப் போங்கள். வேர்ட்பிரஸ் கற்றுக்கொள்ள எங்கே தொடங்கலாம் என்பது மாதிரியான கேள்விக்கு யாரும் நின்றபடி பதில் சொல்ல முடியாது. என் தளத்தில் படம் ஏற்றினால் இந்தச் செய்தி வருகிறது என்று செல்பேசியில் காட்டினால் மூன்று பேர் சுற்றி வந்துவிடுவார்கள். தமிழ்நாட்டுக் கூட்டங்களில் பேச்சு தமிழும் ஆங்கிலமும் கலந்துதான் ஓடும். ஆங்கிலத்தில் ஆரம்பித்த ஸ்லைடு பத்தாவது நிமிஷத்தில் தமிழுக்கு வந்துவிடும். கேள்வியைத் தமிழிலேயே கேளுங்கள்.

யாரிடம் போய்ப் பேசுவது என்ற தயக்கத்துக்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. எரிக் ஹோல்ஷர் என்பவர் சொல்லிப் பரவிய பேக்மேன் விதி. நாலைந்து பேர் வட்டமாக நின்று பேசும்போது, ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு நிற்க வேண்டும், பழைய வீடியோ கேமில் வாயைத் திறந்துகொண்டு போகுமே, அந்த உருவம் மாதிரி. அந்த இடைவெளி உங்களுக்காகத்தான், தயங்காமல் போய் நில்லுங்கள். நின்றதும் நீங்களும் கொஞ்சம் நகர்ந்து அடுத்தவருக்கு இடம் விடுங்கள்.

செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று. நாற்காலி நாற்காலியாகப் போய் விசிட்டிங் கார்டு கொடுத்து, தளம் வேண்டுமா என்று கேட்பது. வேலை அங்கே கிடைக்கும், எனக்கே கிடைத்திருக்கிறது, ஆனால் ஐந்தாவது ஆறாவது கூட்டத்துக்கு அப்புறம் தேடி வந்ததுதான்.

முதல் பங்களிப்பு: தமிழாக்கம்

எனக்கு நிரல் தெரியாதே என்று சொல்கிறவர்களை நான் நேராக மொழிபெயர்ப்புக்கு அனுப்பிவிடுவேன். காரணம், இது எளிது என்பதல்ல. உங்கள் தாய்மொழியில் உங்களைவிட அதிகம் தெரிந்தவர் அந்த அறையில் பலர் இருக்க மாட்டார்கள் என்பதுதான்.

டாட் ஆர்க்கின் மொழிபெயர்ப்புப் பகுதிக்குப் போனால் தமிழுக்கு இரண்டு வரிசைகள் இருக்கும், ஒன்று இந்தியத் தமிழ், மற்றது இலங்கைத் தமிழ். உங்களுடையதைத் தேர்ந்தெடுங்கள். வேர்ட்பிரஸ் மூலநிரலைத் தொடாதீர்கள், நீங்கள் தினமும் பயன்படுத்துகிற ஒரு சின்ன ப்ளக்இன்னை எடுங்கள். மொழிபெயர்க்க வேண்டிய வரிகள் அறுபது எழுபது உள்ளதாக இருந்தால் நல்லது. எந்தப் பொத்தான் எங்கே வரும் என்று உங்களுக்கே தெரியும் என்பதால் தப்பு குறையும். ஒவ்வொரு வரியாகத் திறந்து தமிழை எழுதி அனுப்பினால் அது காத்திருக்கும் வரிசையில் போய் நிற்கும். தமிழுக்கான பொறுப்பாசிரியர்களில் ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அது நடப்புக்கு வரும். ப்ளக்இன்னின் வரிகளில் 90 சதவீதம் இப்படி ஒப்புதல் பெற்றுவிட்டால் மொழிப்பொதி தானாக உருவாகி, தமிழ்த் தளத்தில் அந்த ப்ளக்இன்னை வைத்திருக்கிற எல்லாருக்கும் போய்ச் சேரும்.

இனி நான் அடிபட்ட கதை. முதல் உற்சாகத்தில் ஒரே இரவில் அறுபது வரிகள் அனுப்பினேன். அத்தனையும் திரும்பி வந்தன. ஒரு பொத்தானுக்குச் ‘சேமி’ என்று போட்டிருந்தேன், அடுத்ததற்கு ‘நீக்கவும்’, மூன்றாவதற்கு ‘பதிவேற்றுங்கள்’. ஒரே திரையில் ஒரு பொத்தான் அதட்டுகிறது, ஒன்று கெஞ்சுகிறது, ஒன்று கும்பிடுகிறது என்று பொறுப்பாசிரியர் குறிப்பு எழுதியிருந்தார். கோபம் வந்தது. அப்புறம் திரையைத் திறந்து பார்த்தேன், அவர் சொன்னது சரி.

அதனால் எழுதத் தொடங்குமுன் சொற்பட்டியலைப் பாருங்கள். பதிவா இடுகையா, சொருகியா செருகுநிரலா, பட்டியா மெனுவா என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பிடிவாதம் இருக்கும். எனக்கும் உண்டு, சொருகி என்ற சொல்லைக் கண்டாலே பிடிக்காது. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற சொல்லோடு ஒத்துப் போவதுதான் முறை. மாற்ற வேண்டும் என்று தோன்றினால் குழுவில் காரணத்தோடு பேசுங்கள், உங்கள் வரிகளில் மட்டும் தனியாக மாற்றி வைக்காதீர்கள்.

வரிகளுக்கு நடுவே சதவீதக் குறியோடு ஓர் எழுத்து நிற்கும். அங்கே பெயரோ எண்ணோ பின்னால் வந்து உட்காரும். அதை அழிக்கக் கூடாது, அதை ஒட்டி வேற்றுமை உருபும் போடக் கூடாது. இதில்தான் தமிழுக்கென்றே ஒரு வம்பு. ஆங்கிலத்தில் ஒருவருக்குப் பதில் எழுது என்ற வரியில் பெயர் தனியாக நிற்கும். நாம் அந்தக் குறியோடு ‘க்கு’ சேர்த்தால் முருகன் வரும்போது ‘முருகன்க்கு’ என்றும், கலா வரும்போது ‘கலாக்கு’ என்றும் திரையில் விழும். எந்தப் பெயர் வரும் என்று நமக்கு முன்கூட்டித் தெரியாதே. அதற்குத்தான் ‘என்பவருக்கு’, ‘என்ற பக்கத்தில்’, ‘எனும் கோப்பை’ என்று ஒரு தாங்குகட்டை கொடுப்பது. பெயர் எதுவானாலும் வாக்கியம் விழாது.

ஒரே வரியில் இரண்டு குறிகள் வந்தால் அவற்றுக்கு எண் போட்டிருக்கும். இன்ன கட்டுரை, இன்னாரால் என்று ஆங்கிலம் போகும், நமக்கு இன்னார் எழுதிய இன்ன கட்டுரை என்று வரிசை தலைகீழ். எண்ணை மாற்றாமல் குறிகளின் இடத்தை மட்டும் மாற்றி வையுங்கள். எண் இல்லாமல் வெறும் குறிகள் இரண்டு இருந்தால், நீங்களே எண் போட்டுக்கொள்ளலாம்.

உள்ளே நுழைந்ததும் வரவேற்கிற அந்த ‘ஹவ்டி’யை என்ன செய்வது என்று பிற மொழிக்காரர்களும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள். டெக்சாஸ் பக்கத்து நாட்டுப்புறச் சொல் அது, மேட்டின் ஊர் ஹூஸ்டன். நமக்கு வணக்கம் இருக்கிறது, பிரச்சினை இல்லை.

இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு ஐந்நூறு வரிகளை மொத்தமாக ஒட்டாதீர்கள். அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பார்த்து நிராகரிக்க வேண்டியது இன்னொரு தன்னார்வலர், அவருடைய ஞாயிற்றுக்கிழமை அது.

வேறு வழிகள்

மொழி உங்கள் பக்கம் இல்லையென்றால் புகைப்படம். வேர்ட்பிரஸுக்கு ஒரு படத் தொகுப்பு இருக்கிறது. நீங்களே எடுத்ததாக இருக்க வேண்டும், அடையாளம் தெரியும் முகங்கள் கூடாது, மேலே உங்கள் பெயரை அச்சடித்திருக்கக் கூடாது. பொதுவெளிக்கு முழுவதும் விட்டுக்கொடுத்துவிடுகிறீர்கள், பிறகு உரிமை கேட்க முடியாது, இதை யோசித்துச் செய்யுங்கள். இட்லித் தட்டு, மொட்டைமாடியில் காயும் வடகம், பேருந்து நிலையத்துப் பூக்கடை என்று நம் ஊர்ப் படங்களுக்கு அங்கே இடம் நிறைய இருக்கிறது.

அடுத்தது சோதனை. ஏற்கெனவே பதிவான பிழைகள் டிராக் என்ற இடத்தில், பிழைக்கு ஒரு பதிவு என்று டிக்கெட் டிக்கெட்டாகக் கிடக்கும். புதியவர்களுக்கு ஏற்றவை என்று தனிக் குறிச்சொல் போட்டவை உண்டு. ஒன்றை எடுத்து, அதில் சொன்னபடியே செய்து பாருங்கள். பிழை உங்களுக்கும் வருகிறதா? எந்த வேர்ட்பிரஸ் பதிப்பு, எந்த பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி) பதிப்பு, எந்த உலாவி, என்ன செய்தீர்கள், என்ன வர வேண்டும், என்ன வந்தது, இவ்வளவையும் எழுதினால் அது முழுமையான பங்களிப்பு. கணினியில் எதையும் நிறுவக்கூடத் தேவையில்லை. பிளேகிரவுண்ட் என்ற கருவி உலாவிக்குள்ளேயே ஒரு வேர்ட்பிரஸைத் திறந்து தரும், சோதித்துவிட்டு மூடினால் சுவடே இருக்காது.

நிரல் எழுதுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல அதிகமில்லை, நீங்களே வழி கண்டுபிடித்துவிடுவீர்கள். இரண்டு விஷயம் மட்டும். பாதுகாப்புக் குறை ஒன்றைக் கண்டால் டிராக்கிலோ ஸ்லாக்கிலோ எழுதிவிடாதீர்கள். அதற்கென்று ஹேக்கர்ஒன் என்ற தளம் வழியாகத் தனி வாசல் இருக்கிறது. மற்றது, பொறுமை. நீங்கள் அனுப்பிய பேட்ச், அதாவது திருத்தம், ஒரு வருஷம் அப்படியே கிடக்கலாம், பத்து வருஷமாகக் கிடக்கிற டிக்கெட்டுகளும் அங்கே உண்டு. மறந்துவிட்டார்கள் என்று நினைக்காமல், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மரியாதையாக நினைவூட்டுங்கள். அது உள்ளே போகும் நாளில் உங்கள் பயனர் பெயருக்கு ‘ப்ராப்ஸ்’, அதாவது பாராட்டு, என்று போடுவார்கள். புதிய பதிப்பு வரும்போது நன்றிப் பக்கத்தில் நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு நடுவே உங்கள் பெயரும் இருக்கும். அந்தப் பக்கம் ஒவ்வொரு வேர்ட்பிரஸ் தளத்தின் நிர்வாகப் பகுதியிலும் இருக்கிறது, அம்மாவிடம் காட்டலாம்.

வேர்ட்கேம்ப்

மீட்டப் சின்னக் கூட்டம் என்றால் வேர்ட்கேம்ப் திருவிழா. 2006 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் முதலாவது நடந்தது. இப்போது உலகெங்கும் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஊர் அளவில் ஒரு நாள் இரண்டு நாள் நடப்பவை ஒரு வகை. அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா என்று ஆண்டுக்கு ஒன்றாக நடக்கும் பெரியவை இன்னொரு வகை. ஆசியாவுக்கானது 2020இல் பாங்காக்கில் நடக்க இருந்து கொரோனாவால் நின்றது. பிறகு 2023இல் அதே பாங்காக், 2024இல் தைபே, 2025இல் மணிலா என்று போய், 2026க்கு மும்பை என்று முடிவானது. வெளிநாட்டுக் கூட்டத்துக்கு விசா தேவைப்பட்டால் ஏற்பாட்டாளர்களிடம் அழைப்புக் கடிதம் கேளுங்கள், தருவார்கள்.

டிக்கெட் விலையை வேண்டுமென்றே குறைவாக வைப்பார்கள். மதியச் சாப்பாடும் அதில் அடங்கும். மீதிச் செலவு ஸ்பான்சர்கள் தலையில். பேச்சாளர்களுக்கும் ஏற்பாட்டாளர்களுக்கும் சம்பளம் கிடையாது. டிக்கெட் பகுதி பகுதியாகத் திறக்கும், ஸ்லாக்கில் ஒரு கண் வைத்திருங்கள். படிவத்தில் சைவமா, ஒவ்வாமை உண்டா என்று கேட்கும் இடத்தைக் காலியாக விடாதீர்கள். விட்டுவிட்டு வெளிநாட்டுக் கூட்டம் ஒன்றில் நாள் முழுக்க வாழைப்பழம் தின்ற நண்பர் எனக்கு இருக்கிறார்.

எல்லா உரைகளையும் கேட்டுவிட வேண்டும் என்று அறைக்கு அறை ஓடாதீர்கள். பெரும்பாலானவை பின்னால் வேர்ட்பிரஸ் டிவி என்ற வீடியோ தளத்தில் வந்துவிடும். நாளுக்கு மூன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்ற நேரம் தாழ்வாரத்தில் இருங்கள். ஸ்பான்சர் மேசைகளில் ஸ்டிக்கரும் பின்னும் கொட்டிக் கிடக்கும். வாப்பூ என்ற மஞ்சள் நிறக் குட்டி உருவத்தைத் தேடுங்கள், வேர்ட்பிரஸ்காரர்களின் செல்லச் சின்னம் அது. 2011இல் ஜப்பானில் கசுகோ கானேயுச்சி வரைந்தது, அதுவும் ஜிபிஎல் உரிமத்தில்தான். அதனால் ஒவ்வோர் ஊரும் தன் வாப்பூவுக்குத் தன் ஊர் உடுப்பை மாட்டிவிடும். படம் எடுக்கும் முன் கேளுங்கள். சில கூட்டங்களில், படம் வேண்டாம் என்பவர்கள் வேறு நிறக் கழுத்துப்பட்டை போட்டிருப்பார்கள். நடத்தை விதி மீறல் எதையாவது கண்டாலோ, உங்களுக்கே நேர்ந்தாலோ, சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கோ பதிவு மேசைக்கோ சொல்லலாம். சின்ன விஷயம் என்று விடாதீர்கள்.

முதன்மை நாளுக்கு முன்போ பின்போ கான்ட்ரிபியூட்டர் டே, அதாவது எல்லாரும் கூடி உட்கார்ந்து பங்களிக்கும் நாள், வரும். தவறவிடக் கூடாதது இதுதான். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மேசை, ஒரு மேசைத் தலைவர். எதுவும் தெரியாது என்று சொல்லி உட்காரலாம், அதற்காகவே அவர் வந்திருக்கிறார். ஆனால் தயாரிப்பு எல்லாம் வீட்டில். என் முதல் முறை, நிரல் மேசையில் உட்கார்ந்து, அதற்குத் தேவையான டாக்கர் என்ற மென்பொருளை அங்கேயே இறக்க ஆரம்பித்தேன். இருநூறு பேர் அதையே செய்துகொண்டிருந்தார்கள், வைஃபை படுத்துவிட்டது. மதியம் வரை சுழலும் வட்டத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து மொழிபெயர்ப்பு மேசைக்குப் போனேன். அன்று மீதி நேரம் முழுக்க அந்த மேசைதான் என்றாகி, இன்றுவரை அங்கேயே இருக்கிறேன். கணக்கு, ஸ்லாக், தேவையான மென்பொருள் எல்லாம் ஏற்றிய லேப்டாப், சார்ஜர், நீட்டிப்புப் பலகை ஒன்று, இவ்வளவோடும் போங்கள். பலகை கொண்டுவந்தவரைச் சுற்றி நண்பர்கள் தானாகச் சேர்வார்கள்.

கேட்பவர் என்ற இடத்திலிருந்து நகர்வது

மேசைக்கு அந்தப் பக்கம் போக எளிய வழி தன்னார்வலராகப் பதிவது. பதிவு மேசையில் பெயர் அட்டை தருவது, அரங்கில் மைக் எடுத்துக்கொண்டு ஓடுவது, நேரம் முடிந்ததும் பேச்சாளருக்கு அட்டை காட்டுவது. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல இடமில்லை. பேசுவதற்கு ஒரு காரணம் கையிலேயே இருக்கும். டிக்கெட்டும் பெரும்பாலும் இலவசம்.

மேடையில் பேச ஆசை இருந்தால் முதலில் உள்ளூர் மீட்டப்பில் பத்து நிமிஷம் கேளுங்கள். மறுக்க மாட்டார்கள், பேச்சாளர் கிடைக்காமல்தான் அவர்கள் தவித்துக்கொண்டிருப்பார்கள். பெரிய தலைப்பு வேண்டாம். வேர்ட்பிரஸின் எதிர்காலம் பற்றிப் பேச ஆட்கள் நிறைய உண்டு. ஒரு பள்ளிக்கூடத் தளத்தைத் தமிழில் கட்டியபோது எழுத்துரு எங்கே உடைந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். வேர்ட்கேம்புக்குப் பல மாதம் முன்பே விண்ணப்பம் கேட்பார்கள். நிராகரித்தால் அடுத்ததற்கு அதையே திருத்தி அனுப்புங்கள்.

உங்கள் ஊரில் மீட்டப்பே இல்லையென்றால்? மீட்டப்புகளைக் கவனிக்கும் வேர்ட்பிரஸ் கம்யூனிட்டி குழுவிடம் படிவம் நிரப்பிக் கேட்கலாம். ஒப்புக்கொண்டால் மீட்டப் தளத்தின் சந்தாவை அவர்கள் பக்கமிருந்தே கட்டிவிடுவார்கள், இடம் மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்பு வேறு ஊர்க் கூட்டங்களுக்கு மூன்று நான்கு முறையாவது போய்ப் பாருங்கள். உங்களோடு நடத்த இன்னொருவரைப் பிடியுங்கள், ஒற்றை ஆள் நடத்தும் கூட்டம் அவர் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தால் நின்றுவிடும். தேதியை மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை என்கிற மாதிரி நிலையாக வையுங்கள். முதல் கூட்டத்துக்கு மூன்று பேர் வந்தால் புரொஜெக்டரை அணைத்துவிட்டு, ஒரே லேப்டாப்பைச் சுற்றி நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.